தேவாங்கின் மாதிரிக் கைது

ஒரு காட்டில் போலீஸ் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்குப் போலீஸ் என்று கேட்கிறவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள் பெயர் ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் இருக்கிறது.

அந்தப் பள்ளியில் சட்டமும் நன்னெறியும் முள்ளம்பன்றி மேடம் நடத்தினார். கவாத்து, காட்டுப்பன்றி ஐயாவின் பொறுப்பு. "கைது பண்ணினா காரணம் சொல்லணும். வீட்டுக்குத் தகவல் தரணும். அடிக்கக் கூடாது. ஒரு நாளைக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்" என்று மேடம் சொல்லச் சொல்ல, கழுதைப்புலி முதல் கரடி வரை எல்லோரும் தலையாட்டுவார்கள். வகுப்பு முடிந்து மைதானத்துக்கு வந்ததும் காட்டுப்பன்றி ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம் சொன்னதெல்லாம் பரீட்சைக்கு. நான் சொல்றது ஸ்டேஷனுக்கு" என்பார். மாணவர்கள் இரண்டையும் படித்தார்கள். இரண்டாவதைக் கொஞ்சம் கூடுதல் ஆர்வத்தோடு படித்தார்கள்.

ஒருவன் மட்டும் முதல் பாடத்தை நம்பிவிட்டான். அவன் பெயர் பேச்சிமுத்து, தேவாங்கு. அவனுடைய அப்பாவை ஒரு சமயம் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. குற்றம், இரவில் கண் விழித்து மரத்தில் உட்கார்ந்திருந்தது. தேவாங்குக்கு இரவில்தான் கண் திறக்கும் என்பதை ஸ்டேஷனில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் திரும்பி வந்தபோது ஒரு கை மடங்கவில்லை. அந்த வீட்டிலிருந்து ஒருவன் காக்கி போட வேண்டும், முறையாக ஒரு கைது செய்து காட்ட வேண்டும் என்பதுதான் பேச்சிமுத்துவின் ஒரே ஆசை. தையல்சிட்டு அவன் சட்டைக்கு அளவுகூட எடுத்துவிட்டது.

இப்படி இருக்கும்போது, டி.ஜி.பி. சிங்கம் பள்ளியைப் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. கூடவே மிருக உரிமைக் கமிட்டி மான்களும் வருகிறார்களாம். உடனே சுவருக்கு வெள்ளையடித்தார்கள். லத்திகளைப் பரணில் போட்டுவிட்டு அந்த இடத்தில் பூந்தொட்டி வைத்தார்கள். சட்டத்தில் ஒரு எழுத்து பிசகாமல் மாதிரிக் கைது ஒன்று செய்து காட்டுவது என்று முடிவாயிற்று.

போலீசாக நடிக்க எல்லோரும் கை தூக்கினார்கள். திருடனாக நடிக்க ஒருவரும் வரவில்லை. காட்டுப்பன்றி ஐயா சுற்றிலும் பார்த்தார்.

"லே பேச்சி, நீ வாலே முன்னாடி. உன் மூஞ்சியைப் பார்த்தாலே எதையோ எடுத்துட்டு முழிக்க மாதிரிதான் இருக்கு."

"ஐயா, நான் போலீசா நடிக்கலாம்னு..."

"திருடனா ஒழுங்கா நடிச்சா பாஸ். இல்லேன்னா மூட்டையைக் கட்டு."

பேச்சிமுத்து மெஸ்ஸில் தேன் பானையைத் திருடினான் என்பது நாடகம். பார்க்க நிஜமாக இருக்கட்டும் என்று மெஸ் பானையையே வாய் கட்டிக் கொடுத்தார்கள். சொன்னபடி பேச்சிமுத்துவே அதைக் கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கு அடியில் வைத்தான்.

மறுநாள் காலை சிங்கமும் மான்களும் வந்து உட்கார்ந்தார்கள். கழுதைப்புலி தன் வாழ்நாளில் இல்லாத குழைவோடு முன்னால் வந்தான். "ஐயா, தேன் திருட்டு சம்பந்தமா உங்களைக் கைது பண்றேன். வீட்டுக்குத் தகவல் சொல்லியாச்சு. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான். மான்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சிமுத்துவும் மனப்பாடம் செய்தபடி, "நான்தான் எடுத்தேன். பானை என் கட்டிலுக்கு அடியில இருக்கு" என்று அழைத்துப்போய்க் காட்டினான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

சிங்கம் பானையை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். கட்டை அவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தேன் எங்கேய்யா?"

பானை காலி. எல்லோருடைய கண்ணும் தானாகக் காட்டுப்பன்றி ஐயாவின் பக்கம் போயிற்று. அவர் மூக்கைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "திருடன் குடிச்சிருப்பான் ஐயா. எங்களுக்கு முதல்லயே சந்தேகம். அதனாலதான் இவனையே திருடனா நிக்க வெச்சோம்" என்றார்.

"ஐயா, இது நடிப்பு!" என்று கத்தினான் பேச்சிமுத்து.

"பிடிபட்டவன் எவன்தான் உண்மைன்னு சொல்லுவான்?" என்றார் பன்றி ஐயா.

பேச்சிமுத்து மேடத்தைப் பார்த்துத் திரும்பினான். "மேடம், போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலம் செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மேடத்துக்குப் பூரித்துப்போய் முள்ளெல்லாம் சிலிர்த்தது. "ரொம்பச் சரி! வகுப்புல நீ ஒருத்தனாவது கவனிச்சிருக்கியே. வாக்குமூலம் செல்லாது. ஆனா நீ காட்டி எடுத்த பானை செல்லும். அது அடுத்த வாரப் பாடம்."

மாதிரிக் கைது அப்படியே நிஜக் கைது ஆகிவிட்டது. "சட்டப்படியே கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துங்க. நானும் கமிட்டியும் கூடவே வர்றோம்" என்றார் சிங்கம். மாஜிஸ்திரேட் கடமான் இருப்பது மலை உச்சியில். கைதியை அழைத்துப் போகும் பொறுப்பைக் காட்டுப்பன்றி ஐயா தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பேச்சிமுத்துவுக்கு அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. ஆனால் சட்டப் பாடமும் கூடவே நினைவுக்கு வந்தது. அவன் நடக்கத் தொடங்கினான். தேவாங்கு நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலைத் தூக்கும். அந்தக் காலை எங்கே வைப்பது என்று யோசிக்கும். யோசித்த இடம் சரிதானா என்று இன்னொரு தடவை யோசிக்கும்.

"வேகமா நடலே!" என்று பன்றி ஐயா அவன் பிடரியில் கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க ஐயா. கைதி தானா உடன்பட்டு வந்தா தொட வேண்டியதில்லைன்னு சட்டம் சொல்லுது."

"தொடாதே!" என்றார்கள் மான்கள்.

"அப்போ கயிறு கட்டி இழுப்பேன்."

"தப்பி ஓடாம இருக்கத் தேவையான அளவுக்குத்தான் பலம் காட்டலாம். நான் ஓடி நீங்க பார்த்திருக்கீங்களா?"

மேடம் பின்னாலிருந்து, "நூத்துக்கு நூறு!" என்று கூவினார். சிங்கம் வாயைத் திறந்து கொட்டாவி விட்டார்.

மறுநாள் விடியும்போது ஊர்வலம் பள்ளியின் வெளிக்கதவை நெருங்கியிருந்தது. முந்தின நாள் கைது செய்த அதே நேரம் வந்தது. பேச்சிமுத்து தூக்கிய காலை வைக்காமல் நின்றான்.

"ஐயா, ஒரு நாள் முடிஞ்சுபோச்சு. இனிமே என்னைப் பிடிச்சு வெச்சிருக்கிறது சட்டவிரோதம். பிடிச்சு வெச்சிருக்கிறவர்தான் இனி குற்றவாளி."

"அது யாரு?" என்று கேட்டார் சிங்கம், பன்றி ஐயாவைப் பார்த்தபடி.

பன்றி ஐயா பேச்சிமுத்துவின் காலில் விழுந்தார். "என்னை விட்டுரு தம்பி. தேனைக் குடிச்சது நான்தான். மெஸ்ஸுக்கு வர்ற தேனை வாரா வாரம் நான்தான் குடிச்சேன். போதுமா?"

பேச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உண்மை வெளிவந்துவிட்டது, ஒரு அடிகூட விழாமல் வந்துவிட்டது. இனி காக்கி தனக்குத்தான் என்று நினைத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். கை நெற்றிக்குப் போய்ச் சேருவதற்குள் மேடம் பேசிவிட்டார்.

"ஐயா, சட்டத்துல ஒரு சின்ன விஷயம். இந்த வாக்குமூலம் உங்க முன்னாடி கொடுத்தது. நீங்களும் போலீஸ்தான். அதனால செல்லாது."

"அப்போ பானை?" என்று கேட்டார் சிங்கம்.

"பானை பேச்சிமுத்து கட்டிலுக்கு அடியிலதானே இருந்தது. இவர் மேல எதுவுமே இல்லை."

பன்றி ஐயா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். மான்களோ தேம்பி அழுதார்கள். இத்தனை பேர் முன்னால் தன் குற்றத்தைச் சொன்ன ஒரு அதிகாரியை அவர்கள் அதுவரை கண்டதே இல்லையாம். நன்னெறி வகுப்பை இனிமேல் இவரே எடுக்க வேண்டும் என்று கமிட்டி அங்கேயே பரிந்துரை செய்தது. சிங்கம் சரி என்றார்.

பேச்சிமுத்து மெதுவாகக் கேட்டான். "ஐயா, நான்?"

"ஒரு நாள் தாண்டிடுச்சே, உன் மேலயும் வழக்கு இல்லைப்பா. நீ வீட்டுக்குப் போகலாம்."

"வீட்டுக்கு இல்லைங்க ஐயா. வேலை..."

சிங்கம் அவனைத் தனியாக அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "தம்பி, உன்னைப் போலச் சட்டம் தெரிஞ்ச ஒருத்தனை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை. அதான் யோசிக்கிறேன். நீயும் ஸ்டேஷன்ல வந்து உட்கார்ந்துட்டா, நாங்க யாரைத்தான் எப்படிப் பிடிக்கிறது?"

பேச்சிமுத்து காட்டுக்குள் திரும்பி நடந்தான். கூட யாரும் வரவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. வழியெல்லாம் அழுதான். நடந்ததில் எது சட்டத்துக்கு விரோதம் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தான். ஒன்றுமே அகப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய வயிற்றெரிச்சலாக இருந்தது.

நீதி: சட்டத்தைக் கரைத்துக் குடித்துவையுங்கள், ஆபத்துக்கு உதவும், ஆனால் குடித்திருக்கிறீர்கள் என்பது போலீசுக்குத் தெரிய வேண்டாம், முக்கியமாக அங்கேயே வேலை கேட்டுப் போகிறீர்கள் என்றால்.