துரை கொடுத்த ஆறு நாற்காலிகள்

நாற்காலி 'டொக்' என்றது. மத்தியாஸ் சட்டென எழுந்து, உட்காரவே இல்லாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அடுப்பங்கரையிலிருந்து பெட்ரீசியா எட்டிப் பார்த்தாள். "உக்காந்தீங்களா?"

"லேசாத்தான்."

"ஏங்க, அது உக்கார்ற நாற்காலியா? மஹோகனி லா."

நாற்காலியில் இப்படி ஒரு வகை இருப்பது மத்தியாசுக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன் ஈப்போவில் நடந்த ஏலத்தில் பெட்ரீசியாதான் இறக்காமல் கையைத் தூக்கியே வைத்திருந்து, பழைய மஹோகனி சாப்பாட்டு நாற்காலிகள் ஆறையும் எடுத்தாள். எல்லாம் மகள் விவியனுக்காக. விவியனும் கோலினும் இரண்டு வருடமாகப் பழகி, கல்யாணத்தையும் முடிவு செய்துவிட்டார்கள். பெற்றோரிடம் சம்மதம் கேட்கும் சடங்கு மட்டும் பாக்கி. அதற்காக இன்று நான்கு மணிக்குக் கோலின் வீட்டார் தைப்பிங்கிலிருந்து வருகிறார்கள். இரு வீட்டாரும் இதுவரை ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் கால் வைத்ததில்லை.

கோலினுடையது, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பெரிய கிராணி பரம்பரையாம். அப்படிப்பட்டவர்களைப் பழைய சோபாவில் உட்கார வைத்தால் தங்கள் ஊரான சிலிபினுக்கே தலைகுனிவு என்று பெட்ரீசியா கருதினாள். சோபாவை அன்றே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மணி இரண்டு. மத்தியாஸ் நாற்காலியின் ஆடிய காலுக்குப் பசை தடவினார். கால் கோணலாக ஒட்டியது. கீழே விரித்திருந்த நாளிதழ் மிக நேராக ஒட்டியது.

"ஆணி அடிங்க," என்றாள் பெட்ரீசியா.

ஆணி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. கால் நீளவாக்கில் பிளந்து, உள்ளேயிருந்து மாவு போல் ஏதோ கொட்டியது. அந்த நாற்காலியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இரண்டாவதை இழுத்தார். முதுகுச் சட்டம் மட்டும் கையோடு வந்தது. மூன்றாவதைத் தொடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று முடிவு செய்தார்.

நான்கு மணி ஆகப்போகும்போது பக்கத்து வீட்டு மாரியம்மா, கேட்காமலே ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு பெயின்டில் கோயில் பெயர்.

"திருவிழா முடிஞ்சிருச்சி அக்கா. ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

சுவரில் இயேசு, கீழே கோயில் நாற்காலி. பெட்ரீசியா சிரித்தபடியே அவற்றை வாசலோடு திருப்பி அனுப்பினாள். மாரியம்மா அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் கார் வந்து நின்றது.

கோலின், அவன் அம்மா, அப்பா. மூவரும் உள்ளே வந்தார்கள். மூவர் கண்களும் நாற்காலிகளில் போய் நின்றன.

"உக்காருங்க," என்று பெட்ரீசியா பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள். மத்தியாஸ் சுவரோரம் சாய்த்த நாற்காலியை மறைத்து நின்றார்.

"பரவால்ல அக்கா," என்றார் கோலினின் அம்மா அவசரமாக. "ஒரு மணி நேரமா கார்ல உக்காந்துதானே வாரோம். நிக்கிறோம்."

கிராணி பரம்பரைக்கு மஹோகனியின் அருமை தெரிகிறது என்று பெட்ரீசியா பூரித்துப் போனாள். ஐந்து பேரும் வட்டமாக நின்றார்கள். விவியன் தேநீர் கொண்டு வந்து, காரணம் கேட்காமல் தானும் நின்றாள்.

"இந்த நாற்காலி எங்க வாங்குனீங்க அண்ணே?" என்றார் கோலினின் அம்மா.

மத்தியாஸ் வாயைத் திறக்குமுன் பெட்ரீசியாவின் பார்வை அவர் மேல் பாய்ந்தது.

"வாங்கல. பெட்ரீசியா தாத்தாவுக்கு தோட்டத்துத் துரை கொடுத்தது."

அந்தத் தாத்தா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். துரை அவருக்குக் கொடுத்ததெல்லாம் ஏச்சுத்தான்.

"எந்தத் துரை?"

மத்தியாசின் கண் சுவர் நாட்காட்டிக்கு ஓடியது. அன்றைய புனிதர் கைகொடுத்தார். "அம்புரோஸ் துரை."

"சீமைக்குப் போறப்ப தாத்தா கையப் புடிச்சி அழுதாராம்," என்றாள் பெட்ரீசியா. ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "என் ஞாபகமா நீதான் இதுல உக்காரணும்னாராம்."

"அப்ப ரொம்ப வருசமா ஒங்க வீட்லதான் இருக்கு?"

"எழுவது வருசம்," என்றார் மத்தியாஸ். "வெளியாளுங்க யாரும் தொட்டதில்ல."

கோலினுக்குத் தேநீர் புரையேறியது. விவியன் அவன் முதுகைத் தட்டினாள். அவன் அம்மா தன் செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்ததிலிருந்து வாயே திறக்காத கோலினின் அப்பா, காலிக் கோப்பையை விவியனிடம் கொடுத்துவிட்டு மத்தியாசின் தோளில் கை வைத்தார்.

"போன மாசம் நாங்க ஏலத்துக்கு விடுற வரைக்கும், அந்தத் துரை இத எங்க தாத்தாவுக்குத்தான் கொடுத்திருந்தாரு, சம்பந்தி."