இடியப்பம் கெடுத்த போட்டி

எங்கள் ஆட்களிடம் எந்த இரகசியமும் பத்திரமாக இருக்கும், பக்கத்தில் இருந்து சாப்பிடத் தொடங்கும்வரை. இதை நான் தொண்ணூறுகளில், கனடாவின் ஸ்காபரோவில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கமராவின் முன்னால் நின்று கற்றேன்.

அந்த நாட்களில் ரொறன்ரோ ரீவியில் பழைய கறுப்பு வெள்ளைப் போட்டி நிகழ்ச்சி ஒன்றை மறுபடி காட்டினார்கள். கோட் சூட்டுடன் நாலு பேர் வரிசையாக இருப்பார்கள். விசித்திரமான தொழில் செய்யும் ஒருவர் வந்து எதிரே அமர்வார். அவர் ‘ஓம்’, ‘இல்லை’ மட்டுமே சொல்லலாம். கேள்வி கேட்டே தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதைத் தமிழில் செய்ய ஆசைப்பட்டேன். சமூகத் தொலைக்காட்சி நிலையத்து அம்மணி, அரை மணி நேரம் பதிவு செய்து காட்டச் சொன்னார். பிடித்தால் வாராவாரம் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் அந்த நேரம் நாய் வளர்ப்போர் சங்கத்துக்கு.

நான் ஒழுங்கானவன்; தொழில் இரகசியம் முன்கூட்டியே கசியக்கூடாது. விருந்தினருக்குப் பின்கதவு, கேள்வியாளருக்கு முன்கதவு. காத்திருக்கத் தனித்தனி அறை. கழிப்பறைக்குக்கூட வேறு வேறு நேரம். (வெளியில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

பதிவுக்கு முன் இடியப்பமும் சொதியும் வந்தன. ஒரு பகுதியினரை இருத்திவிட்டு மற்றவர்களைக் காக்கவைப்பது மரியாதையா? “எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுங்கோ” என்று நானே ஒரே மேசையில் இருத்திவிட்டு, மைக் பார்க்க ஓடிவிட்டேன்.

பதிவு தொடங்கியது. முதல் விருந்தினர் சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கும் கந்தையா அண்ணை. கிறிஸ்மஸ் காலத்தில் மோலில் சன்ரா தாத்தா வேடம் போடுபவர். கேள்வியாளர்களில் மூத்தவரான புவனம் அன்ரியைக் கேட்கச் சொன்னேன்.

“உந்தப் பஞ்சுத் தாடி கடிக்குதெண்டு சொன்னனீங்களெல்லே, பவுடர் போட்டுப் பாத்தனீங்களோ?”

“இல்லை” என்றார் கந்தையா அண்ணை, விதிப்படி.

அடுத்தவர் பிக்கரிங்கில் இருக்கும் ரவி. கோல்ஃப் மைதானக் குளங்களில் முக்குளித்துப் பந்து பொறுக்குபவர். அவர் கதிரையில் இருக்க முன்பே அன்ரி தொடங்கிவிட்டார்.

“தம்பி, சளியோட குளத்துக்குள்ள இறங்கவேண்டாமெண்டு இப்பதானே சொன்னனான்! கேப்பீரோ?”

“ஓம் அன்ரி.”

கையிலிருந்த விருந்தினர்கள் முடிந்துவிட்டார்கள். பெரும்பகுதி நேரம் மிச்சம். கண்ணாடிக்குப் பின்னால் அம்மணி மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு நாய்கள் குரைப்பது கேட்டது.

“அடுத்த விருந்தினர்... நான்தான்!” என்று கதிரையில் போய் விழுந்தேன். ஓடித்திரிந்ததில் நான் சாப்பிடவில்லை. ஆகவே என்னை ஒருவரும் விசாரித்திருக்கவில்லை.

“ஆருக்கும் பிரயோசனமான வேலையோ?” என்றார் அன்ரி.

கழுத்துப்பட்டியைச் சரிசெய்தேன். “ஓம் எண்டு நினைக்கிறன்.”

“நினைக்காதையும், சொல்லும்! ஒரு நாள் நீர் போகாட்டி ஆரும் தேடுவினமோ?”

“இல்லை.”

சமையல், வைத்தியம், காவல், மந்திரவாதம் எல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். நேரம் முடிந்தும் பிடிபடவில்லை. கடைசியில் நானே சொன்னேன்: ஓர் அலுவலகத்தில், பைல்களில் லேபல் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவன்.

அன்ரி முன்னால் சாய்ந்து கேட்டார்: “உதுக்கும் சம்பளம் தருவினமோ?”

தமிழ் தெரியாத கமராக்காரர்கூடச் சிரித்தார். வாராவாரம் நேரம் கிடைத்தது. நடத்துநர் புவனம் அன்ரி. விருந்தினரைச் சாப்பிடவைத்து விசாரிப்பதுதான் நிகழ்ச்சி. கசெற்றுகளுக்கு லேபல் ஒட்டும் பொறுப்பு எனக்கு.

என் வேலையைப் புதியவர்கள் கண்டுபிடிக்கவேண்டும் என்பது இன்றும் எங்கள் வீட்டு விளையாட்டு. சென்ற மாதம் மகளைக் கட்டப்போகும் பெடியன் வந்து, “அங்கிள் என்ன வேர்க் செய்யிறீங்கள்?” என்று பணிவாகக் கேட்டான்.

“சும்மா சொல்லமாட்டார். யெஸ், நோ கேள்விதான் கேக்கலாம்” என்றாள் மகள்.

பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்து, நிதானமாக யோசித்து, முதல் கேள்வியைக் கேட்டான்.

“அங்கிளுக்கு வேலை இருக்கோ?”