எடிட்டில் இருக்கிறது

சுயாதீன ஆவணப்பட இயக்குநர் என்று ஓர் இனம் உண்டு. தயாரிப்பாளரும் அவரே என்பதால் தட்டிக் கேட்க ஆள் கிடையாது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்: உடம்பெல்லாம் பை வைத்த சட்டை, கழுத்தில் ஹெட்போன், யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரரை விட்டுவிட்டு ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கம், "படம் எப்ப வருது?" என்று கேட்டு முடிக்குமுன் வந்து விழும் "எடிட்ல இருக்கு" என்ற பதில். நம்மவர் படம் ஒன்பது வருடமாக எடிட்டில் இருக்கிறது. டிரெய்லர் மட்டும் மூன்று வந்துவிட்டது.

படம் எதைப் பற்றி? அரசு அலுவலகங்களின் தாமதத்தைப் பற்றி.

காலமான கணவரின் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு ஒரு தையல்கார அம்மாள் அலுவலக வராந்தா பெஞ்சில் காத்துக் கிடந்தார். இவர் எதிரே போய்க் கேமராவோடு உட்கார்ந்தார். அந்த அம்மாள் அலுத்துப்போய்ப் பெருமூச்சு விட்டால், "அக்கா, இன்னொரு தடவை, இயல்பா" என்பார். படம் முடிந்ததும் எடிட் அறையை மகள் படிப்பதற்குக் காலி செய்து தருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது மகள் மூன்றாம் வகுப்பு. ஒன்பது வருடம் கழித்து, பள்ளி இறுதிப் பரீட்சைக்கும் சமையலறை மேசையில், மிக்ஸி சத்தத்துக்கு நடுவே படித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் உங்க மூட்டை முடிச்சையெல்லாம் நானே வெளிய வெச்சிடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டார். ஒரு திரைப்பட விழாவுக்குப் படம் அனுப்பவும் அதே தேதிதான் கெடு. மனிதர் நிஜமாகவே பயந்தார். பயந்துபோய், அந்த மாதம் முழுக்கத் தலைப்புக்கு எழுத்துரு தேடினார்.

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கையில் தையல்கார அம்மாள் போன் செய்தார்.

"தம்பி, நம்ம ஃபைல்ல கையெழுத்தாயிடுச்சு. நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து பத்திரத்தை வாங்கிக்கச் சொல்றாங்க."

அலுவலகத்தின் மூடிய கதவோடு முடிகிற படம் இவருடையது. அந்தக் கதவைப் பார்த்துத்தான் விழாக்காரர்கள் கண் கலங்க வேண்டும்.

"அக்கா... ஒரு ரெண்டு மாசம் கழிச்சு வாங்கிக்க முடியுமா?"

இப்படியும் ஒருவர் கேட்பாரா? கேட்டார். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அம்மாள் கோபப்படவில்லை.

"அது முடியாதே தம்பி. ஆமா, உங்க படம் எந்த மேசையில நிக்குது? சொல்லுங்க, ஆபீஸ்ல எல்லாரும் எனக்குப் பழக்கமாயிட்டாங்க. நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பாக்கறேன்."

ஒன்பது வருடமாக ஒரே மேசையில்தான் நிற்கிறது, அந்த மேசையும் தன்னுடையதுதான் என்று எந்த வாயால் சொல்வார்?

"எடிட்ல இருக்கு அக்கா" என்றார்.

மறுநாள் அந்த அம்மாள் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மாதமும் முடிந்தது. மகள் இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் படிக்கிறாள். படம் நான்கு அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. முடிவு மாறிவிட்டதால் முதலிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டுமாம். நான்காவது டிரெய்லர் வருகிறது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கட்டிலுக்கு அடியிலும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அங்கே என்ன இருக்கிறதென்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்: "அதுவா, கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு."