ஒத்துழைப்பு அலுவலர்

மார்ச் 9, திங்கள். இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். பெட்டி ஒட்டும் அக்காவுக்கு ஒரு பெட்டிக்கு நாற்பத்தொரு நொடி என்று குறித்தேன். அதில் பதினொரு நொடி அவர் என்னைத் திட்டிய நேரம். அதைக் கழித்திருக்க வேண்டும்.

இப்படித் தன் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டவள், அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஒத்துழைப்பு அலுவலர். நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் ஒத்துப்போக வைப்பதுதான் வேலை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். நிரந்தரச் சான்றிதழ் இல்லாவிட்டால் மாலைக் கல்லூரியில் இறுதித் தேர்வு எழுத விடமாட்டார்கள். இரண்டு வருடப் படிப்பும் காற்றோடு போகும்.

படிப்பின் பெயர் அறிவியல் மேலாண்மை. வேலையை நொடி நொடியாக அளந்து, சிறந்த வழியைக் கண்டுபிடித்து, பலனை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்டால் தொழிலாளியும் நிர்வாகமும் கைகோத்து நடப்பார்கள் என்பது பாடம். இந்தத் தொழிற்சாலையில் கைகோப்பது இருக்கட்டும், முகம் பார்த்தே ஆறு மாதம் ஆகிறது. மின்விசிறிகள் ஓடவில்லை என்று அக்கா கேட்கப் போக, மேனேஜர் ஏதோ சொல்ல, அன்று நின்றது பேச்சு. அக்காதான் தொழிலாளர் சங்கத் தலைவி. அன்றிலிருந்து இருவரும் அறிவிப்புப் பலகையில் மாறி மாறிக் காகிதம் ஒட்டித்தான் சண்டை போடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"நாப்பத்தோரு நொடியா? இருபத்தஞ்சுல ஒட்டுற அம்மா அது! வேணும்னே இழுத்திருக்கு. நீயும் எழுதிக்கிட்டு வந்து நிக்குற!"

"இல்ல சார், அதுல பதினொண்ணு என் தப்பு. முப்பதுதான் சரி."

"முப்பதா? சரி, போ."

மதியத்துக்குள் பலகையில் புதுக் காகிதம் ஏறிவிட்டது. இனி எல்லோருக்கும் பெட்டிக்கு முப்பது நொடி.

அக்கா பசைத் தூரிகையைக் கீழே வைக்காமலே அவள் மேசைக்கு வந்தார்.

"ஏய் ஸ்டாப்வாட்ச்! இருபது வருஷமா ஒட்டுற கை இது. என் வேகத்த நேத்து சேர்ந்த பொண்ணுக்கும் போட்டா, அது எங்க போயி முட்டிக்கும்?"

"அக்கா, நான் எல்லாரையும் அளந்து சராசரிதான் போடணும்னு..."

"உன் சராசரியக் கொண்டுபோய் உங்க மேனேஜர் தலையில ஒட்டு! அவரு என்ன வேகத்துல வேலை பாக்குறாருன்னு யாராவது அளந்தீங்களா?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. தனக்கே ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் காலை முழுக்க மேனேஜர் அறையின் மூலையில் உட்கார்ந்தாள்.

"நல்லாப் பாத்துக்கம்மா," என்றார் அவர் பூரிப்போடு. "நிர்வாகம்னா என்னன்னு நீ தெரிஞ்சுக்கணும்."

பார்த்தாள். பார்த்ததை அழகாகக் கட்டம் போட்டு எழுதிப் பலகையில் ஒட்டினாள். ஒரு கடிதம் படித்தல்: பதினான்கு நிமிடம். நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேடுதல்: ஒன்பது நிமிடம். தொலைபேசியில் மைத்துனர்: இருபத்தாறு நிமிடம். மின்விசிறிப் பழுதுக் கோப்பைத் திறந்து மூடுதல்: நான்கு நொடி.

தொழிலாளர்கள் பலகை முன்னால் விசில் அடித்தார்கள். மேனேஜர் வெளியே வந்து படித்தார். இந்த முறை பதினான்கு நிமிடம் ஆகவில்லை.

"யாரும்மா உனக்கு இந்த வேலையச் சொன்னது?"

"நீங்கதான் சார். நான் சேர்ந்த அன்னிக்கே, ரெண்டு பக்கமும் ஒரே குடும்பமா இருக்கணும்னு சொன்னீங்க."

"குடும்பத்துல யாராவது இப்படி மானத்த வாங்குவாங்களா?"

"எங்க வீட்டுல வாங்குவாங்க சார்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் சான்றிதழும் அதே வழியில் போகும்போல இருந்தது. உற்பத்தியை உயர்த்திக் காட்டினால் கோபம் ஆறும் என்று கணக்குப் போட்டாள். பசைப் பானை கடைசிச் சுவர் ஓரம் இருந்தது. ஒவ்வொரு முறையும் போக வரப் பத்தொன்பது அடி, வீண். வியாழக்கிழமை காலை அதைத் தூக்கி வேலை மேசைகளுக்கு நடுவில் வைத்தாள். இடம் மாறாமல் இருக்கச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமும் போட்டாள்.

பன்னிரண்டு மணி வரை பெட்டிகள் குவிந்தன. ஒரு மணிக்கு ஒட்டும் பெண்கள் ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பத்தொன்பது அடி நடக்கறப்பதான் பாப்பா எங்களுக்கு முதுகு நிமிருது," என்றார் அக்கா. "அதையும் பிடுங்கிட்டியே, நல்லா இருப்பியா?"

காற்றில்லாத கூடத்தின் நடுவில் பசையும் வெந்து இறுகிவிட்டது. மேனேஜர் வந்து நானூறு பெட்டிகளைப் பார்த்தார்.

"பெட்டியா இது? எல்லாம் வாயப் பொளந்துகிட்டு நிக்குது!"

வீட்டில் அம்மா சாப்பாட்டுத் தட்டை அவள் முன்னால் நகர்த்தினார்.

"ரெண்டு பேருக்கு நடுவுல பூந்து நிக்கிற வேலை உனக்கு எதுக்குடி?"

"நான் அளந்தது ஒண்ணுகூடத் தப்பில்லம்மா. அக்கா சொன்ன முதுகுவலி உண்மை. ஃபேன் ஓடாததும் உண்மை. எல்லாம் நோட்டுல இருக்கு. உண்மையச் சொன்னா ரெண்டு பேரும் என் மேலயே பாயுறாங்க!"

"ஆமா, எல்லாத்தையும் சரியாச் சொல்றவள யாருக்குடி பிடிக்கும்? சாப்பிடு."

ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டுக் கூட்டம். ஒருவருக்கு மூன்று நிமிடம், முடிந்ததும் மணி. கூச்சலுக்கு இடமில்லை. இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்க அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

அக்கா தன் மூன்று நிமிடத்தையும் மின்விசிறிக்கே செலவழித்தார். அடுத்து மேனேஜர். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ஃபேன் விஷயத்துல... அன்னிக்கு நான் பேசினது..."

அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது.

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுது சார்," என்றாள் அவள்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா, மனுஷன் பாவம் வாயெடுக்குறாரு, நீ மணியடிக்கிற?"

"பாத்தீங்களா?" மேனேஜர் நேராக அக்காவைப் பார்த்தே பேசினார். "நாலு நாளா என்னை இப்படித்தான் படுத்துது."

"அப்போ அந்த முப்பது நொடியும் இந்தப் பொண்ணு வேலைதானா?"

"பின்ன? எனக்கு என்னங்க தெரியும் ஒட்டுற வேலையப் பத்தி?"

அவள் எழுந்துவிட்டாள். "சார், காகிதம் ஒட்டுனது நீங்க! அக்கா, அவரை அளக்கச் சொன்னது நீங்க!"

"நீ சும்மா இரு!" என்றார்கள் இருவரும். ஆறு மாதத்தில் அவர்கள் ஒரே குரலில் சொன்ன முதல் வார்த்தை அது.

அதற்குப் பிறகு பத்தே நிமிடம்தான். திங்கட்கிழமைக்குள் மின்விசிறி ஓடும். முப்பது நொடி ரத்து. பசைப் பானை பழையபடி சுவர் ஓரம். ஒத்துழைப்பு அலுவலர் இன்றோடு விலக்கப்படுகிறார். கீழே மேனேஜர் கையெழுத்து, பக்கத்திலேயே அக்கா கையெழுத்து. முதல் மூன்றும் அவள் நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்தவை. அதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூட யாரும் தரவில்லை.

வாசலில் வாட்ச்மேன் வெளியேறும் பதிவேட்டை நீட்டினார். அவளால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, ரெண்டு மாசமா நாயா உழைச்சேன். அவங்க ரெண்டு பேரும் சேர்ற அன்னிக்கே என்னைத் துரத்துறாங்க. இது அடுக்குமா?"

வாட்ச்மேன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இதுக்குத்தானேம்மா வருஷா வருஷம் ஆள் எடுக்குறாங்க! நீதான் கொஞ்சம் மெதுவு. உனக்கு முன்னாடி வந்த நாலு பேரும் மூணே வாரத்துல ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுட்டுக் கிளம்பிட்டாங்க."

மார்ச் 13, வெள்ளி. நாளை காலை எட்டு மணிக்கு மேனேஜருக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு மனு கொடுக்க வேண்டும். வருடா வருடம் ஆள் தேவைப்படும் வேலை நிரந்தர வேலை. சான்றிதழ் வாங்காமல் திரும்பக் கூடாது.