மேப்பிள்ஃபோர்டின் தீயணைப்பு உடன்படிக்கை

முதல் உலகப் போர் முடிந்ததும் உலகத்துக்கே சமாதானம் எழுதித் தர அமெரிக்க அதிபர் கப்பலேறிப் பாரிசுக்குப் போனார். விஸ்கான்சின் மாநிலத்து மேப்பிள்ஃபோர்டில் சீஸ் கொட்டகை நடத்திய சைரஸ் டட்டிலுக்கு இதைப் பேப்பரில் படித்ததும் கை பரபரத்தது. ஊர்ச் சபை உறுப்பினர், தீயணைப்புப் படைத் தலைவர் வேறு, சும்மா இருப்பாரா? சுற்றுவட்டாரம் முழுக்கக் குதிரை வண்டியில் அலைந்து ஓர் உடன்படிக்கை எழுதினார்: "ஓர் ஊரில் பிடிக்கும் தீ, எல்லா ஊர்களிலும் பிடித்த தீயாகவே கருதப்படும்." ஆற்றுக்கு அக்கரையிலிருந்த லின்டன் உட்பட எல்லா ஊர்களும் கையெழுத்துப் போட்டன. பாக்கி அவருடைய சொந்த ஊர்தான்.

அதற்குள் தலைநகரில் காற்று திசை மாறிவிட்டது. அயலார் வம்பு நமக்கெதற்கு என்பது புது மோஸ்தர். குட்டைப் பாவாடை மோஸ்தருக்கு முன்பே அது ஊருக்குள் வந்துவிட்டது. வெளியூர்த் தலைக்குக் கத்தரி வைக்க நாவிதரே யோசித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சபையில் மூத்தவர் எஸ்ரா பிளாங்க் எழுந்தார். "சைரஸ், ஊரான் வீட்டுத் தீயை அணைக்கத்தான் என் மகன் பிரான்சுக்குப் போனான். திரும்பி வரலை. இனி நம்ம தீயணைப்புப் பம்பு ஆத்துப் பாலத்தைத் தாண்டாது."

சைரஸ்கூடத் தலை குனிந்துகொண்டார். பாவம், அந்த மனுஷன் சொன்னதில் பொய்யே இல்லை.

ஆனால் சபை அத்தோடு நிற்குமா? "அப்ப அவங்க பம்பும் இங்க வரக்கூடாது" என்றார் இன்னொருவர். பாலத்தில் சங்கிலி கட்டினார்கள். சபையின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலின்றி அயலூர்த் தண்ணீர் எல்லைக்குள் சிந்தலாகாது என்று விதியும் செய்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் சைரஸின் கொட்டகையே தீப்பிடித்தது. ஊர்ப் பால் முழுக்க வந்து சேருகிற இடம். ஊர்ப் பம்பு இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. லின்டன்காரர்கள் புத்தம்புதுப் பம்போடு வந்து சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

"சைரஸ் அண்ணே, சங்கிலியை அவிழுங்க!" என்று கத்தினான் அவர்கள் தலைவன் நில்ஸ் ஹாகன்.

"பொறு தம்பி, சபை கூடுது!"

நடுரோட்டிலேயே கூடியது. எஸ்ராவுக்கே மனசு இளகிவிட்டது. "ஆபத்துக்குப் பாவமில்ல, உடன்படிக்கையை ஏத்துக்கலாம். 'எல்லா ஊர்களிலும்'ங்கிறதை மட்டும் 'விருப்பமுள்ள ஊர்களில்'னு மாத்திக்குவோம்."

ஆறு பேரில் மூன்று கைகள் உயர்ந்தன. இன்னும் ஒரு கை வேண்டும். எல்லோரும் சைரஸைப் பார்த்தார்கள்.

சைரஸ் முகம் சிவந்தது. "என் உடன்படிக்கையில ஒரு எழுத்தைத் தொட்டாலும் ஒத்துக்க மாட்டேன். எதிர்க்கிறேன்!"

"யோவ், எரியறது உன் கொட்டகைய்யா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"எரியட்டும்! கொள்கை எரியாது!"

"கொள்கையை ரொட்டியில தடவியா திங்கப்போறீங்க?" என்று அலறினாள் அவர் மனைவி லெட்டி. உறுப்பினரல்லாதவர் பேச்சு என்பதால் அது சபைக் குறிப்பில் ஏறவில்லை.

தீர்மானம் தோற்றது. கூரை விழுந்தது. உருகிய சீஸின் வாசனையில் லின்டன்காரர்கள் பசியெடுத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அயலூர்க் கால் ஒன்றுகூட ஊர் மண்ணில் படவில்லை என்று எஸ்ராவும், ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று சைரஸும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஊரே கைதட்டியது.

பசுக்களுக்கு இதெல்லாம் தெரியுமா? மறுநாள் காலையிலும் வஞ்சனையில்லாமல் கறந்தன. பால் கேன்களோடு ஊரே பாலத்துக்கு ஓடியது. லின்டனிலும் ஒரு சீஸ் கொட்டகை உண்டே! எஸ்ராவே தன் கையால் சங்கிலியை அவிழ்த்தார். நாலடி தள்ளி இன்னொரு சங்கிலி. அதற்குப் பின்னால் நில்ஸ்.

"என்ன தம்பி இது?" என்றார் சைரஸ்.

"நேத்து நீங்க ரோட்டுல சபை நடத்தினதை நாங்க எல்லாரும் பாத்தோம் அண்ணே. ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நாங்களும் அதே மாதிரி கூடி, அயலூர்ப் பால் உள்ள வரக்கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டுட்டோம்."

"அடப்பாவி, பால் புளிச்சிடுமேடா!"

நில்ஸ் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான்.

"அது உங்க உள்விவகாரம் அண்ணே. நாங்க தலையிடக் கூடாது."