வெள்ளை பூட்ஸும் என் வீரக் காலும்

ஜிப் மாட்டிக்கிச்சு! ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது. பூட்ஸ் என் பொண்டாட்டியோடது. வெள்ளை, முழங்கால் வரைக்கும், குதிகால் ஒரு சாண் உயரம். உள்ள மாட்டிக்கிட்டது என் காலு. அந்த நேரம் பாத்துதான் வாசல்ல குரல்.

"எர்வின் தம்பி! ஹேர் டிரையர் இருந்தா குடேன்!"

பக்கத்து வீட்டு பெர்தோ அண்ணன். கதவு, ஜன்னல்னு புடிச்சிக்கிட்டே போய் காம்பவுண்டு சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னேன். இடுப்புக்கு மேல கௌரவமா இருந்தா போதும்ல?

"என்ன தம்பி, திடீர்னு வளந்துட்ட?"

"நீங்களும்தான்ணே."

"நான்... கல்லு மேல நிக்கறேன்."

"நானும் கல்லுதான்."

டிரையர் கை மாறிடுச்சு. ஆனா யாரு முதல்ல திரும்பிப் போறதுன்னு தெரியாம ரெண்டு பேரும் அப்படியே நிக்கறோம்!

இருங்க, முதல்லேர்ந்து சொல்றேன். பிலிப்பைன்ஸ்ல எங்க புலாக்கான் பக்கம் ஃபியஸ்டான்னா, அதான் ஊர்த் திருவிழான்னா, பேண்டு வாத்தியத்துக்கு முன்னாடி மேஜரெட் குழு போகும். குட்டைப் பாவாடை, வெள்ளை பூட்ஸ், கையில கோலு. அதைச் சுத்தி, தூக்கிப் போட்டு, புடிச்சிக்கிட்டே நடப்பாங்க. எங்க தெருக் குழுவுக்குக் கேப்டன் யாரு? என் பொண்டாட்டி லூனிங்னிங்! அவ முன்னாடி நடப்பா, நான் ஓரமா தண்ணி பாட்டிலோட ஓடுவேன். "இவ புருஷன் யாரு?"ன்னு யாரும் கேக்க வேணாம், நானே போய் சொல்லிடுவேன்.

இந்த வருஷம் போன்ல ஆர்டர் பண்ணின பூட்ஸ் ரொம்ப டைட்டாம்.

"முன்னாடி மெர்லிண்டாவே நடக்கட்டும். நான் உக்காந்துக்கறேன்"னா.

மெர்லிண்டாவா? பெர்தோ அண்ணன் பொண்டாட்டியா? என் உடம்புல உசிரு இருக்கற வரைக்கும் நடக்காது!

"பூட்ஸை நான் தளத்திக் காட்டறேன்டி!"

நாங்க வீட்டுல ஐஸ் கேண்டி விக்கறோம். அதை ஊத்துற நீள பிளாஸ்டிக் பையில தண்ணிய ரொப்பி, பூட்ஸுக்குள்ள திணிச்சு, ஃப்ரீசர்ல வெச்சேன். ஐஸ் உப்பும், பூட்ஸ் விரியும். விஞ்ஞானம்! மாங்கா ஐஸ் கேண்டி எடுக்க வந்த லூனிங்னிங் ஃப்ரீசரைத் திறந்தா.

"எர்வின், நாம என்ன விக்கறோம்?"

"ஐஸ் கேண்டி."

"அப்ப காலு எதுக்கு உள்ள நிக்குது?"

பூட்ஸ் விறைச்சுப் போய் மரக்கட்டையா வெளிய வந்துச்சு. ஒரு நூலு கூட விரியல.

"இது செயற்கைத் தோலு. குளுருக்கெல்லாம் மசியாது. டிரையர்ல சூடு காட்டணும். தடி சாக்ஸு போட்ட காலை உள்ள விடணும். ஆறுற வரைக்கும் நடக்கணும். என் காலை விடப் பெரிய காலா வேணும். அதுக்கு நான் எங்க போவேன்?"ன்னு பெருமூச்சு விட்டா.

"நான் எதுக்குடி இருக்கேன்?"

அப்படித்தான் உள்ள போச்சு என் காலு. ஜிப் மாட்டினது அன்னைக்குத்தான். பெர்தோ அண்ணன் தலை மறைஞ்சதும் மெழுகுவத்தியத் தேச்சு ஜிப்பை வழிக்குக் கொண்டுவந்துட்டேன். ஆனா விட்டேனா? மறுநாளும் போட்டேன்.

"சும்மா நடக்காத. துடைப்பத்தைப் புடி"ன்னா. பெருக்கினேன். பாத்திரம் கழுவினேன். துணி காயப்போட்டேன். முதல்ல, அப்பத்தான் பொறந்த எருமைக்கன்னு மாதிரி நாலா பக்கமும் காலு போச்சு. அப்புறம்? மகாராணி தோத்தா!

"முட்டியை உசத்து. அப்பத்தான் கணுக்கால்ல தளரும்."

உசத்தினேன்.

"துடைப்பத்தைச் சுத்து."

"அது எதுக்குடி?"

"பேலன்ஸுக்கு."

சுத்தினேன். தூக்கிப் போட்டேன். புடிச்சேன்! அவ கை தட்டினா பாருங்க, எனக்கு நெஞ்சு நிமிந்துடுச்சு.

ஃபியஸ்டாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. "கழட்டிடாத, சூடு ஆறிடும். மைதானத்துக்கு அப்படியே போட்டுக்கிட்டு வா, அங்க மாத்திக்கறேன்"னு சொல்லிட்டு முன்னாடி போயிட்டா. நடுத்தெருவுல நடந்தேன். டிரைசைக்கிள்காரன் விசிலடிச்சான். திரும்பிக் கையசைச்சேன்!

பாஸ்கெட்பால் மைதானத்துக்குள்ள காலை வெச்சேன்.

பெர்தோ அண்ணன் நிக்கறாரு. ரொட்டிக்கடை நெஸ்டோர் நிக்கறான். தெருவுல இருக்கற அத்தனை புருஷனும் நிக்கறான். எல்லார் கால்லயும் வெள்ளை பூட்ஸ். ஒருத்தன் கூடத் தள்ளாடல! ஓரமா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பொண்டாட்டிங்க பன்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.

"அண்ணே, நீங்களுமா?"

"மெர்லிண்டா பூட்ஸு டைட்டுன்னா தம்பி..."

லூனிங்னிங் விசில் ஊதினா.

"வருஷா வருஷம் வெயில்ல நாங்க நடந்தோம், நீங்க வேடிக்கை பாத்தீங்க. இந்தத் தடவை நாங்க நிழல்ல உக்காந்து பாக்கப்போறோம். கேட்டிருந்தா வந்திருப்பீங்களா? அதான் பழக்கிட்டோம். பூட்ஸெல்லாம் உங்க காலு அளவுக்கு வாங்கினதுதான்!"

கோவம் வரணும்ல? வரலயே! இவ்வளவு பெரிய மூளைக்காரி யாரு பொண்டாட்டி? என் பொண்டாட்டி! முட்டியை உசத்தி உசத்தி நடந்து போய் முன் வரிசை நடுவுல நின்னேன்.

"கேப்டன் வீட்டுக்காரன்தான் முன்னாடி. ஊது விசிலை!"

அவ என் காலை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தா.

"நீ கடைசி வரிசைக்குப் போ. பெர்தோ அண்ணன் முன்னாடி வரட்டும். அவர் காலுதான் லட்சணமா இருக்கு."

கடைசி வரிசையில நின்னுக்கிட்டுத்தான் இதை டைப் பண்றேன், அவ பாக்கறதுக்குள்ள முடிக்கணும். உங்க வீட்டுலயும் இப்படி நடந்திருக்கா? உங்களை எந்த வரிசையில நிக்க வெச்சாங்க?