வலிப்பு வந்த மீனுக்கு இரும்புச் சாவி

படிப்பு மூளைக்குத்தான் ஏறும்; கை பிறந்த ஊரிலேயே நின்றுவிடும். என் கை இலத்தூரைத் தாண்டவே இல்லை.

தென்காசியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். குற்றாலத்து ஓடைக்கரை வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் வலிப்பைத் தடுக்குமா, வலிப்பால் போகும் நினைவைக் காக்குமா என்று வரிக்குதிரை மீன்களிடம் சோதித்தேன். (குதிரை இல்லை; கோடு போட்ட, சுண்டுவிரல்கூட இல்லாத மீன்.) பாதை பிரியும் இடத்தில் சிவப்புப் பக்கம் திரும்பினால் தீனி என்று ஒவ்வொன்றையும் பழக்கியிருந்தேன். "எம் மவ மீனுக்கு டியூசன் எடுக்கா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

கடைசியில் மதுரையிலிருந்து தேர்வாளர் வந்தார். அவர் தலையசைத்தால்தான் பட்டம். "கண்ணால பார்க்கணும்" என்றார். வல்லாரை கொடுக்காத மீனை, வலிப்பு வரவழைக்கும் கரைசலில் விட்டேன். அது சுழன்று, துடித்து, ஒருபக்கமாகச் சாய்ந்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் அன்றைய பதற்றத்தில், "ஐயோ, இரும்பக் குடுங்க!" என்று அலறி, கையிலிருந்த ஆய்வகச் சாவிக்கொத்தைத் தொட்டிக்குள் போட்டேன்.

(எங்கள் பக்கம் யாருக்கு வலிப்பு வந்தாலும் கையில் சாவியைத் திணிப்பார்கள். அதனால் பயனில்லை என்று ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதியவளே நான்தான். மீனுக்குக் கை கிடையாது என்பதும் தெரியும்!)

தேர்வாளரின் மூக்குக் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஏட்டி, என்ன காரியம் பண்ணுத!" என்றார் என் வழிகாட்டி மேடம். பட்டம் அருவியோடு போயிற்று என்றே நினைத்தேன்.

தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க செடியைவிடச் சாவிமேலதான் நம்பிக்கையாம்மா?"

"இல்ல சார்... கை தானா..."

"சரி, சாவி மீனுக்கும் பரீட்சை வைங்க."

நல்ல தண்ணீரில் தெளியவைத்து, பாதையில் விட்டேன். சாவி மீன் சிவப்பை மறந்து, எதிர்ப்பக்கச் சுவரில் முட்டி முழித்தது. அடுத்து வல்லாரை மீன். அதே கரைசலில் அது லேசாக நடுங்கியதோடு சரி. பாதையில் விட்டதும் நேராகச் சிவப்புப் பக்கம் போய், "எங்கே தீனி?" என்பதுபோல் நின்றது. ஆய்வேட்டிலிருந்த மீன்களும் இதைத்தான் சொல்லியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாவி தோத்துப்போச்சு. வாழ்த்துகள், டாக்டர்!" என்று கைதட்டினார் தேர்வாளர்.

இன்றும் வீட்டில் சாவி காணவில்லையென்றால் அம்மா, "ஏட்டி டாக்டரு, மீன் தொட்டியில பாத்தியா?" என்கிறாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி வல்லாரைத் துவையல் வைப்பேன். சாவி பெரும்பாலும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.